மானிட்டர் மாறினால் மங்கிப்போகும் விண்டோ... கண்ணாடியை மாற்றும் முன் இதைப் படிங்க!

லேப்டாப்புக்குப் பக்கத்தில் இன்னொரு மானிட்டர் வைத்துக்கொள்வது ஐ.டி கம்பெனிகளோடு நின்றுபோன பழக்கம் இல்லை. ஜி.எஸ்.டி கணக்கு பார்ப்பவர், ஆன்லைனில் டியூஷன் எடுப்பவர், கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் என்று பலருடைய மேஜையிலும் இப்போது இரண்டு திரைகள். ஒன்றில் பில்லைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொன்றில் எக்ஸெல்லில் என்ட்ரி போடும் சுகம் பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால், புது மானிட்டர் வந்த அன்றே ஒரு குறையும் கூடவே வரும். லேப்டாப்பில் பளிச்சென்று தெரிந்த விண்டோவை மவுஸால் பிடித்துப் பெரிய திரைக்கு இழுத்தால், எழுத்தெல்லாம் எண்ணெய்த்தாளுக்குப் பின்னால் இருப்பதுபோல மங்கித் தெரியும். சில சாஃப்ட்வேரில் மெனு எல்லாம் கடுகு சைஸுக்குச் சுருங்கிவிடும். இன்னும் சிலவற்றில் விண்டோ ஊதிப் பெருத்து, 'ஓகே' பட்டன் திரைக்கு வெளியே போய்விடும்.

உடனே நாம் என்ன செய்வோம்? 'மானிட்டர் சரியில்லை' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். அல்லது ரெசல்யூஷனைக் குறைத்துவிட்டு, மங்கலாகவே பார்த்துப் பழகிக்கொள்வோம். நாற்பது வயதைத் தாண்டியவர் என்றால், 'பவர் ஏறிடுச்சு போல' என்று கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிவிடுவார். ஆயிரக்கணக்கில் செலவு, கூடவே கழுத்து வலி. ஒரே ஒரு சாஃப்ட்வேர் மட்டும் இப்படிப் படுத்துகிறது என்றால், அநேகமாக பைசா செலவில்லாமல் செட்டிங்ஸிலேயே சரிசெய்துவிடலாம்.

எதை மாற்றுவது என்று தெரிய வேண்டுமானால், எது கெட்டிருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

முதலில் ஒரு சின்ன சோதனை

மங்கலாகத் தெரியும் மானிட்டரில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். டெஸ்க்டாப் ஐகான்களின் கீழே உள்ள பெயர்கள், குரோம் அல்லது எட்ஜ் பிரவுஸரில் ஒரு செய்திப் பக்கம், பிறகு உங்களைப் படுத்தும் அந்த சாஃப்ட்வேர்.

மூன்றுமே மங்கல் என்றால், கோளாறு மானிட்டரின் ரெசல்யூஷனிலோ கேபிளிலோ இருக்கலாம். நீல நிறத் தலை கொண்ட பழைய விஜிஏ கேபிளில் இணைத்திருந்தால் எழுத்துகள் லேசாகக் கலங்கித் தெரிவது சகஜம். மானிட்டரில் எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.

ஐகானும் பிரவுஸரும் பளிச்சென்று இருந்து, அந்த ஒரு சாஃப்ட்வேர் மட்டும் மங்கல் அல்லது பொடி என்றால், மானிட்டர் நிரபராதி. பிரச்னையின் பெயர் ஸ்கேலிங்.

புள்ளிக்கோலக் கணக்கு

ஏழு புள்ளி, ஏழு வரிசைக் கோலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாசலில் நான்கு விரல் இடைவெளி விட்டுப் புள்ளி வைத்தால், கோலம் வாசலை நிறைத்துவிடும். அதே ஏழு புள்ளியைப் பூஜையறையில் ஒரு விரல் இடைவெளியில் வைத்தால், ஒரு தாம்பாளத்துக்குள் அடங்கிவிடும். புள்ளிகளின் எண்ணிக்கை மாறவில்லை. இடைவெளிதான் மாறியது.

திரையும் இப்படித்தான். ஃபுல் எச்டி என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். 24 இன்ச் மானிட்டரிலும் அதே எண்ணிக்கை, 15.6 இன்ச் லேப்டாப்பிலும் அதே எண்ணிக்கை. அதனால் மானிட்டரில் ஓர் இன்ச்சுக்குச் சுமார் 92 புள்ளிகள், லேப்டாப்பில் சுமார் 141 புள்ளிகள். 27 இன்ச் 4கே மானிட்டராக இருந்தால் சுமார் 163.

இப்போது ஒரு பட்டன் 96 புள்ளி அகலம் என்று வைத்துக்கொள்வோம். 24 இன்ச் மானிட்டரில் அது ஏறக்குறைய 2.7 சென்டிமீட்டர் இருக்கும். லேப்டாப்பில் 1.7 சென்டிமீட்டராகச் சுருங்கும். 4கே மானிட்டரில் வெறும் 1.5 சென்டிமீட்டர்தான். விலை கொடுத்து நல்ல மானிட்டர் வாங்கியவருக்குத்தான் எழுத்து பொடியாகத் தெரியும் என்பது இதில் உள்ள வேடிக்கை.

இதைச் சமன்செய்யத்தான் ஸ்கேல் என்ற வசதி. புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் திரையில் எல்லாவற்றையும் 125 சதவிகிதம், 150 சதவிகிதம் என்று பெரிதாக்கி வரையச் சொல்கிறோம். விண்டோஸ் கணக்கில் ஓர் இன்ச்சுக்கு 96 புள்ளிகள் என்பதுதான் 100 சதவிகிதம். ஆகவே உங்கள் திரைக்கு எந்த அளவு பொருந்தும் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

ஃபுல் எச்டி திரை என்றால் 2203-ஐ உங்கள் திரையின் இன்ச் அளவால் வகுங்கள். 2560-க்கு 1440 புள்ளிகள் கொண்ட திரை என்றால் 2937-ஐ வகுங்கள். 4கே என்றால் 4406. வரும் விடையை 96-ஆல் வகுத்தால் போதும். 24 இன்ச் ஃபுல் எச்டிக்கு விடை ஒன்றுக்குப் பக்கத்தில் வரும், அதாவது 100 சதவிகிதம். 15.6 இன்ச் லேப்டாப்புக்கு 1.47, அதாவது 150. லேப்டாப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதால் 125 போதும் என்பவர்களும் உண்டு. 27 இன்ச் 4கேவுக்கு 1.7, அதாவது 175.

போனில் ஏன் இந்தத் தொல்லை இல்லை?

நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையையே ஒருவர் சின்ன போனிலும், இன்னொருவர் பெரிய டேப்லெட்டிலும் படித்துக்கொண்டிருப்பீர்கள். யாருக்கும் எழுத்து மங்கவில்லை. காரணம், ஆண்ட்ராய்டு ஆப்களை எழுதுபவர்கள் அளவுகளைத் திரையின் புள்ளிகளில் சொல்வதில்லை. ஓர் இன்ச்சுக்கு 160 புள்ளிகள் உள்ள திரையை ஆதாரமாகக் கொண்ட ஒரு பொது அளவில் சொல்வார்கள். அதைக் கையிலிருக்கும் போனின் புள்ளிகளாக மாற்றும் வேலையை ஆண்ட்ராய்டு பார்த்துக்கொள்ளும். கோலத்தை 'ஏழு புள்ளி' என்று சொல்லாமல் 'இரண்டு சாண் அகலம்' என்று சொல்வது மாதிரி.

கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்களின் கதை வேறு. மானிட்டர்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நெருக்கத்தில் புள்ளி வைத்திருந்த காலத்தில் எழுதப்பட்டவை ஏராளம். புள்ளியை எண்ணியே வரைந்து பழகியவை. விண்டோஸ் 7 வரை எத்தனை மானிட்டர் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்கேல்தான். 2013-ல் வந்த விண்டோஸ் 8.1-ல்தான் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனி ஸ்கேல் என்பது வந்தது. 2017-ல் விண்டோஸ் 10-க்கு வந்த அப்டேட்டில் அது இன்னும் மேம்பட்டது.

இதனால் இன்று உங்கள் கம்ப்யூட்டரில் மூன்று வகை சாஃப்ட்வேர்கள் கலந்து கிடக்கின்றன.

முதல் வகை, விவரமானவை. மானிட்டர் மாறியதும் தன்னைத்தானே மறுபடி வரைந்துகொள்ளும். இன்றைய பிரவுஸர்கள் இந்த ரகம். இழுக்கும்போது பாதி தாண்டியதும் விண்டோ சட்டென்று அளவு மாறினால் பயப்பட வேண்டாம். அது சரியாக வேலை செய்வதன் அடையாளம்.

இரண்டாவது வகை, பாதி விவரமானவை. நீங்கள் லாகின் செய்த நேரத்தில் எது முதன்மை மானிட்டரோ, அதன் ஸ்கேலைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளும். வேறு மானிட்டருக்குப் போனால் அதற்கு ஒன்றும் தெரியாது. விண்டோஸே அந்த விண்டோவைப் படம்பிடித்ததுபோல எடுத்து இழுத்தோ சுருக்கியோ காட்டும். போட்டோவை ஜூம் செய்தால் மங்குமே, அந்த மங்கல்தான் இது.

மூன்றாவது வகை, ஒன்றுமே தெரியாதவை. எந்த மானிட்டராக இருந்தாலும் 100 சதவிகிதத்துக்கே வரைந்து கொடுக்கும். ஸ்கேல் அதிகமுள்ள எல்லாத் திரையிலும் மங்கும். இதே வகையில் 'எனக்கு எல்லாம் தெரியும், நீ தலையிடாதே' என்று விண்டோஸிடம் சொல்லிவிட்டு, எதையும் பெரிதாக்காமல் விட்டுவிடும் சில சாஃப்ட்வேர்களும் உண்டு. மெனு கடுகாவது இவற்றால்தான். 2012-ல் வந்த போட்டோஷாப் சிஎஸ்6-ஐ 4கே திரையில் திறந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ரெசல்யூஷனில் கை வைக்காதீர்கள்

சரிசெய்யும்போது முதல் விதி இதுதான். எழுத்து பொடியாக இருக்கிறது என்று ரெசல்யூஷனைக் குறைத்தால் எழுத்து பெரிதாகும், ஆனால் திரை முழுவதும் மங்கும். மானிட்டரின் புள்ளிகளும் படத்தின் புள்ளிகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதுதான் காரணம். பளிச்சென்ற படத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, அதை நாமே கெடுத்துக்கொள்வது போல.

டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' போங்கள். மேலே 1, 2 என்று எண் போட்ட கட்டங்கள் தெரியும். எது எந்த மானிட்டர் என்று குழப்பமாக இருந்தால் 'ஐடென்டிஃபை' பட்டனை அழுத்துங்கள். அந்தந்தத் திரையில் எண் பெரிதாகத் தோன்றும். இப்போது ஒவ்வொரு கட்டமாகத் தேர்ந்தெடுத்து, 'டிஸ்ப்ளே ரெசல்யூஷன்' என்ற இடத்தில் 'ரெகமெண்டட்' என்று போட்டிருப்பதையே வையுங்கள். பிறகு 'ஸ்கேல்' என்ற இடத்தில், நாம் மேலே போட்ட கணக்குக்குப் பக்கத்தில் உள்ள அளவைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பட்டியலில் உள்ள 100, 125, 150 போன்ற அளவுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'கஸ்டம் ஸ்கேலிங்' என்ற கட்டத்தில் 137, 160 என்று நீங்களாக ஓர் எண்ணைத் தட்டினால், அது எல்லா மானிட்டருக்கும் சேர்த்து அமலாகிவிடும். தனித்தனி ஸ்கேல் என்ற வசதியே போய்விடும். ஏற்கெனவே யாராவது அப்படிச் செய்துவைத்திருந்தால், அதை நீக்கிவிட்டு ஒருமுறை சைன் அவுட் செய்யுங்கள்.

அடுத்து, விண்டோஸ் கீயோடு 'பி' அழுத்தினால் வரும் பட்டியலில் 'டூப்ளிகேட்' என்று இருக்கிறதா பாருங்கள். அதில் இரண்டு திரையும் ஒரே படத்தைக் காட்டும். திரைகளின் ரெசல்யூஷன் வேறு வேறாக இருந்தால் ஏதாவது ஒன்று மங்கித்தான் தீரும். 'எக்ஸ்டெண்ட்' என்று மாற்றுங்கள்.

முதன்மை எது என்று முடிவு செய்யுங்கள்

லாகின் நேரத்தில் முதன்மை மானிட்டரின் ஸ்கேலை மனப்பாடம் செய்யும் சாஃப்ட்வேர்களைப் பார்த்தோம் அல்லவா? அவற்றைத்தான் நீங்கள் நாள் முழுக்கப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், எந்த மானிட்டரில் வைத்து வேலை பார்க்கிறீர்களோ அதையே முதன்மை ஆக்கிவிடுங்கள். அதே டிஸ்ப்ளே செட்டிங்ஸில், அந்த மானிட்டரின் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, 'மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்' பகுதியில் 'மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே' என்பதை டிக் செய்யுங்கள். பிறகு சைன் அவுட் செய்து, மறுபடி சைன் இன் செய்யுங்கள்.

இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காலையில் மானிட்டர் இல்லாமல் லேப்டாப்பை ஆன் செய்து, பத்து மணிக்கு மானிட்டரைச் சொருகினால், இந்த வகை சாஃப்ட்வேர்கள் மாலை வரை மங்கலாகவே இருக்கும். மானிட்டரைச் சொருகிவிட்டு லாகின் செய்வதைப் பழக்கமாக்கினாலே பாதித் தொல்லை தீரும்.

அடம்பிடிக்கும் சாஃப்ட்வேருக்குத் தனி வைத்தியம்

எல்லாம் செய்தும் ஒரே ஒரு சாஃப்ட்வேர் அடம்பிடித்தால், அதற்கு மட்டும் தனியாக ஒரு செட்டிங் உண்டு. சாஃப்ட்வேரை மூடிவிடுங்கள். டெஸ்க்டாப்பில் அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள். 'கம்பாட்டிபிலிட்டி' என்ற டேப்பில் 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்ற பட்டன் இருக்கும். அதைத் திறந்து, அடியில் 'ஓவர்ரைடு' என்று தொடங்கும் வரியை டிக் செய்தால், மூன்று விருப்பங்கள் கிடைக்கும்.

மெனுவும் பட்டன்களும் கடுகாகத் தெரிந்தால், 'சிஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெரிதாக்கும் பொறுப்பை விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். கொஞ்சம் மங்கினாலும் படிக்கிற அளவுக்கு வரும்.

எழுத்து மங்கலாக இருந்தால், முதலில் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' போட்டுப் பாருங்கள். பழைய கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்கள் சிலவற்றில் எழுத்து மட்டும் கூர்மையாகிவிடும். படங்களும் ஐகான்களும் பழையபடிதான் இருக்கும். சில சாஃப்ட்வேர்களில் இது கோணல்மாணலாக வரும். அப்படி வந்தால் டிக்கை எடுத்துவிடலாம், ஒன்றும் கெடாது.

அதுவும் சரிவரவில்லை என்றால், 'அப்ளிகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் தலையிடாமல் ஒதுங்கிக்கொள்ளும். எழுத்து கூர்மையாக வரும், ஆனால் பொடியாகலாம். 125 சதவிகிதத் திரையில் இது தாங்கும். 4கே திரையில் தாங்காது.

2001-ல் வெளியான 7.0-தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு. அதை இன்னும் விடாத டி.டி.பி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அத்தனை பழைய சாஃப்ட்வேருக்கு மேலே சொன்ன வைத்தியம் ஓரளவுக்குத்தான் கேட்கும். அந்த வேலையை மட்டும் 100 சதவிகிதத்தில் ஓடும் சாதாரண ஃபுல் எச்டி மானிட்டரில் வைத்துக்கொள்வதே நிம்மதி. பழைய மானிட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வேர்டு, எக்ஸெல் போன்ற ஆபீஸ் சாஃப்ட்வேர்களுக்கு உள்ளேயே ஒரு வழி இருக்கிறது. 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'ஜெனரல்' என்று போனால், பல திரைகளைப் பயன்படுத்தும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு கேள்வி இருக்கும். 'பெஸ்ட் அப்பியரன்ஸ்' என்று இருந்தால்தான் எழுத்து தெளிவாக இருக்கும். பழைய ஆட்-இன் எதையாவது சேர்த்திருந்து, மானிட்டர் மாறும்போது அது குழறுபடி செய்தால் மட்டும் 'கம்பாட்டிபிலிட்டி' என்று மாற்றுங்கள்.

விண்டோ காணாமல் போய்விட்டதா?

மானிட்டரைக் கழற்றிய பிறகு, சில விண்டோக்கள் அந்த இல்லாத திரையிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். கீழே டாஸ்க்பாரில் பெயர் தெரியும், ஆனால் ஆளைக் காணோம். அந்த சாஃப்ட்வேரை டாஸ்க்பாரில் ஒருமுறை கிளிக் செய்துவிட்டு, விண்டோஸ் கீயோடு ஷிஃப்ட்டையும் இடது அல்லது வலது அம்புக்குறியையும் சேர்த்து அழுத்துங்கள். இரண்டு திரையும் இணைந்திருக்கும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விண்டோ அப்படியே தாவும். ஒரே திரைதான் இருக்கிறது என்றால், ஆல்ட்டோடு ஸ்பேஸ் பார், பிறகு 'எம்', பிறகு ஏதாவது ஓர் அம்புக்குறி. இப்போது மவுஸை அசைத்தால் விண்டோ கையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

மவுஸ் ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஓரத்தில் முட்டி நிற்கிறதா? டிஸ்ப்ளே செட்டிங்ஸில் தெரியும் அந்த 1, 2 கட்டங்களை, மேஜையில் மானிட்டர்கள் எப்படி இருக்கின்றனவோ அதேபோல இழுத்துப் பொருத்துங்கள். லேப்டாப் தாழ்ந்து இருந்தால் கட்டத்தையும் தாழ்த்தி வையுங்கள்.

டிவியை மானிட்டராக்கியவர்களுக்கு

டிவியில் டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டால் ஸ்கேலைக் குறை சொல்லாதீர்கள். படத்தை லேசாகப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுவது பல டிவிகளின் பழைய வழக்கம். டிவியின் பிக்சர் செட்டிங்ஸில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' போன்ற ஏதாவது ஒரு பெயரில் அதை நிறுத்தும் வசதி இருக்கும். பல டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ இணைப்பின் வகையை 'பிசி' என்று மாற்றினாலே எழுத்தும் தெளிவாகிவிடும். இன்னொன்று, 43 இன்ச் 4கே டிவிக்கு நம் கணக்குப்படி 100 சதவிகிதம்தான் வரும். ஆனால் சோபாவில் சாய்ந்துகொண்டு பார்ப்பவருக்கு அது போதாது. தூரம் கூடினால் ஸ்கேலையும் கூட்டுங்கள்.

மேக்கிலும் லினக்ஸிலும்

மேக்கில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'டிஸ்ப்ளேஸ்' போய், 'லார்ஜர் டெக்ஸ்ட்', 'மோர் ஸ்பேஸ்' என்ற இரண்டு முனைகளுக்கு நடுவே உங்கள் கண்ணுக்குத் தோதானதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு மானிட்டருக்கும் இது தனித்தனி. லினக்ஸில் இரண்டு திரைக்கு இரண்டு ஸ்கேல் வேண்டும் என்றால், லாகின் பக்கத்தில் 'வேலண்ட்' செஷனைத் தேர்ந்தெடுங்கள். பழைய 'எக்ஸ்11' செஷனில் இது எப்போதுமே இழுபறிதான்.

ஒரே கம்ப்யூட்டர், நான்கு ஜோடிக் கண்கள்

மகளுக்கு 100 போதும், அப்பாவுக்கு 150 வேண்டும். ஒரே கம்ப்யூட்டரை இருவரும் பயன்படுத்தினால் தினம் ஒரு பஞ்சாயத்து. இதற்கு எளிய வழி, ஆளுக்கொரு யூஸர் அக்கவுண்ட் உருவாக்கிவிடுவது. ஸ்கேல் அளவு ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கும் தனியாகவே பதிவாகும். அப்பா தன் பெயரில் லாகின் செய்தால் பெரிய எழுத்து, மகள் செய்தால் சின்ன எழுத்து.

பட்டன், படம் எதுவும் பெரிதாக வேண்டாம், எழுத்து மட்டும் பெரிதானால் போதும் என்றால், விண்டோஸ் 11 செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி', 'டெக்ஸ்ட் சைஸ்' போங்கள். 225 சதவிகிதம் வரை நகர்த்தலாம். பென்ஷன் விவரமோ பேங்க் ஸ்டேட்மென்ட்டோ பார்க்க, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில், இந்த ஒரு செட்டிங்கை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். தன் கணக்கைத் தானே பார்ப்பதன் கௌரவமே தனி. அவர்களுடைய போனிலும் 'ஃபான்ட் சைஸ்', 'டிஸ்ப்ளே சைஸ்' என்று இதே வசதி, டிஸ்ப்ளே செட்டிங்ஸிலேயே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. திரையை எவ்வளவு சரிசெய்தும் எழுத்து கலங்குகிறது, அச்சடித்த செய்தித்தாளும் கலங்குகிறது என்றால், செட்டிங்ஸை நோண்டிக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். கண் மருத்துவரைப் பாருங்கள். செய்தித்தாள் தெளிவாகத் தெரிந்து, ஒரு சாஃப்ட்வேர் மட்டும் மங்கினால், கண்ணாடிக் காசைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ரைட் கிளிக்கில் ஆரம்பியுங்கள்.